கயிற்றுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். மணலில் ஒரு பெரிய சாம்பல் நிற உருவம் குப்புறப் படுத்திருக்கிறது. அதைச் சுற்றி ஒரு கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர். கீழே 'ஹவாயில் கரை ஒதுங்கி உயிருக்குப் போராடும் சீல்' என்று ஒரு வரி. எதிர் வீட்டு நண்பர் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, "என்ன சார், உங்க பொண்ணு ஊர்ல பீச்சுக்கே சீல் வெச்சுட்டாங்களாமே?" என்றார். அவர் கிண்டலுக்குக் கேட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்த சீல், நம் தமிழில் கடல்நாய், உயிருக்குப் போராடவில்லை ஐயா. தூங்குகிறது.

இதைச் சொல்ல நான் விஞ்ஞானி இல்லை. சென்னையில் மாநகரப் பேருந்தில் 31 வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி 9 வருடம் பெரம்பூர் – பெசன்ட் நகர் 29சி. மகள் பிரசவத்துக்காக நானும் மனைவியும் போன வருடம் ஹவாயில் உள்ள ஹோனலூலு போய் 4 மாதம் இருந்தோம். மனைவிக்குப் பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது என்று நிற்க நேரமில்லை. என்னால் வீட்டில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று மூன்றாம் நாளே தீர்ப்பாகிவிட்டது. காலையில் சாப்பிட்டதும் பஸ் ஏறிவிடுவேன். அந்த ஊரில் பஸ்ஸுக்குப் பெயரே 'தி பஸ்' தான். கண்டக்டர் கிடையாது, டிரைவரே எல்லாம் பார்த்துக்கொள்கிறார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, அது வேறு விஷயம்.

வைக்கீக்கி கடற்கரையின் கிழக்குக் கோடியில், டயமண்ட் ஹெட் மலை பக்கம், கைமானா என்று சின்னதாக ஒரு மணல்திட்டு இருக்கிறது. பெரிய ஓட்டல் கூட்டத்தைத் தாண்டி, பூங்காவைத் தாண்டி வந்தால் அமைதியான இடம். உள்ளூர்க்காரர்கள் குளிக்க வருவார்கள். அங்கேதான் ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் ஒரு பாறையைப் பார்த்தேன். முந்தின நாள் அங்கே பாறை இல்லையே என்று யோசித்துக்கொண்டே போனால், பாறை கொட்டாவி விட்டது.

ஹவாய் துறவிக் கடல்நாய் என்று சொல்கிறார்கள். கழுத்தில் மடிப்பு மடிப்பாகத் தோல் தொங்குவது கிறிஸ்தவத் துறவிகள் அங்கியின் தலைமூடி போல இருப்பதால் அந்தப் பெயர். ஆறேழு அடி நீளம், எப்படியும் 200 கிலோ இருக்கும். முதுகில் பாசி படர்ந்து லேசாகப் பச்சை ஓடியிருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை பழைய தோலை முடியோடு உரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வருமாம், அதற்கு முன்னால் இப்படிப் பச்சை கட்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் வெகுநேரம் பார்த்தது அதன் மூக்கைத்தான். இரண்டு துவாரமும் கோடு போட்டது போல இறுக மூடியிருக்கும். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பேன். திடீரென்று இரண்டும் திறந்து 'புஸ்'ஸென்று ஒரு மூச்சு, மூக்கோரத்து மணல் பறக்கும், மறுபடி மூடிக்கொள்ளும். நடுவில் ஒரு தடவை முன் துடுப்பால் வயிற்றைச் சொறிந்துகொண்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் படுத்திருக்கும் என் சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது.

சுற்றி ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். முழங்கால் உயரம்கூட இல்லை. கைக்குழந்தை தவழ்ந்தே தாண்டிவிடும். நாலு குச்சி, இரண்டு அறிவிப்புப் பலகை. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் அகலத் தொப்பி போட்ட ஓர் அம்மாள், எழுபது வயது இருக்கும். ஜப்பானிய வம்சாவளி, ஆனால் மூன்று தலைமுறையாக ஹவாய். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர். சம்பளம் கிடையாது, தொண்டர். கடற்கரைக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் அவரை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டார்கள். அங்கே வயதானவர்களை, உறவு இருக்கிறதோ இல்லையோ, ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுவது வழக்கம். நம் ஊரில் அண்ணே, அக்கா என்பது போல. நானும் ஆன்ட்டி என்றே கூப்பிட்டேன். அவர் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர், சிரித்துக்கொண்டார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் அங்கே சுமார் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் 14 பேர் வந்து அந்த அம்மாளிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "செத்துப்போச்சா?" எண்ணுவது எனக்குப் பழக்கதோஷம். பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது, கடல்நாய் ஓய்வெடுக்கிறது, தள்ளி நில்லுங்கள் என்று. படமும் போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, நேராக வந்து அதையே கேட்கிறார்கள்.

எனக்கு ஆச்சரியமே இல்லை. 29சி-யில் முன்னால் பெரிதாக நேம் போர்டு இருக்கும். அதைப் பார்த்துத்தான் பஸ்ஸை நிறுத்தவே கை காட்டுவார்கள். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "அடையாறு போகுமா?" என்பார்கள். சின்ன வயசில் எரிச்சலாக வரும். "போர்டு பார்க்கலையா?" என்று கத்தியிருக்கிறேன். கொஞ்ச வருடம் போன பிறகுதான் புரிந்தது, அவர்களுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. ஒரு மனுஷன் வாயால் 'போகும்' என்று சொன்னால்தான் அவர்களுக்கு அது போகும்.

அந்த அம்மாள் 14 பேருக்கும் பதில் சொன்னார். பதினாலாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குச் சொன்ன அதே முகத்தோடு சொன்னார். "இல்லை, தூங்குது. ராத்திரி முழுக்கக் கடலுக்கடியில் வேலை பார்த்துட்டு வந்திருக்கு. இப்போ ஷிப்ட் முடிஞ்சு படுத்திருக்கு." இவ்வளவுதான். கேட்டவர்கள் குரல் தானாகவே தணிந்துவிடும். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்பது எந்த நாட்டுக்காரனுக்கும் தெரியும் போலிருக்கிறது.

இந்தக் கடல்நாய்கள் மொத்தமே சுமார் 1,600 தான் மிச்சம். பெரும்பாலானவை மனிதர் வசிக்காத வடமேற்குத் தீவுகளில் இருக்கின்றன. ஜனங்கள் வாழும் பெரிய தீவுகளில் 400 வாக்கில். உலகில் வேறு எங்கும் இந்த இனம் கிடையாது. இதன் பங்காளி ஒன்று கரீபியன் கடலில் இருந்தது. 1952-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை, 2008-ல் அழிந்துபோனதாக அறிவித்துவிட்டார்கள். இன்னொரு பங்காளி மத்தியதரைக் கடலில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. ஹவாய் கடல்நாய் 1976-லிருந்து அமெரிக்காவின் அழியும் உயிரினப் பட்டியலில் இருக்கிறது. அது கரையில் வந்து படுப்பதற்குக் காரணம் நோய் அல்ல. சாப்பிட்டது செரிக்க, உடம்பு ஆற, தோல் உரிக்க, குட்டி போட, எல்லாவற்றுக்கும் அதற்கு மணல் வேண்டும். பயந்து பயந்து எழுந்து மறுபடி கடலுக்குப் போக வேண்டி வந்தால் அதுதான் அதற்குக் கேடு.

"உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?" என்று ஆன்ட்டி ஒரு நாள் கேட்டார். கடல்நாய் என்று சொல்லி, கடல் என்றால் இது, நாய் என்றால் அது என்று என் அரைகுறை இங்கிலீஷில் விளக்கினேன். அவர் கைகொட்டிச் சிரித்தார். ஹவாய் மொழியில் அதன் பெயர் 'ஈலியோ ஹோலோ இ கா உவாஉவா'. முரட்டு அலையில் ஓடும் நாய் என்று அர்த்தமாம். நம் கடலில் இந்தப் பிராணியே கிடையாது. இருந்தும் நம் ஆட்களும் அவர்களும் ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

அந்தக் கைமானாவுக்கு ஒரு கதை உண்டு. 2017 ஜூன் கடைசியில், 'ராக்கி' என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெண் கடல்நாய் அத்தனை கூட்டத்துக்கு நடுவே அங்கே வந்து குட்டி போட்டுவிட்டது. கரிக்கட்டை போலக் கறுப்பாக ஒரு குட்டி. அதற்கும் கைமானா என்றே பெயர் வந்தது. தாய் ஐந்தாறு வாரம் இரை எடுக்காமல் பால் கொடுத்துக்கொண்டே இருக்கும். குட்டி ஊத ஊதத் தாய் இளைத்துக்கொண்டே போகும், கடைசியில் ஒரு நாள் சொல்லாமல் கிளம்பிவிடும். அந்த வாரங்கள் முழுக்க ஆள் மாற்றி ஆள் தொண்டர்கள் கயிற்றடியில் நின்றார்கள். பக்கத்தில் பாழடைந்து கிடக்கும் பழைய நீச்சல் குளத்துக்குள் குட்டி போய் மாட்டிக்கொள்ளப் பார்த்தது வேறு. தாய் போன பிறகு குட்டியை ஆளரவம் இல்லாத ஒரு கரைக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

2022 ஜூலையில் அதே ராக்கி அதே கரையில் மறுபடி ஒரு குட்டி போட்டது. அந்தத் தடவை கடலில் நீந்திக்கொண்டிருந்த 60 வயது அம்மா ஒருவரைக் குட்டிக்குப் பக்கத்தில் பார்த்து, தாய் பாய்ந்துவிட்டது. முகம், கை, முதுகு எல்லாம் காயம். கரையிலிருந்து பார்த்தவர்கள் கத்திய கூச்சல் அவருக்கு எட்டவில்லை. இதைச் சொல்லும்போது ஆன்ட்டி குரலில் யார் மேலும் கோபமில்லை. "தாய்க்கு, நீந்துகிற ஆள் எது, ஆபத்து எது என்று தெரியாது. அந்தம்மாவுக்கும் குட்டி இருக்கிறது தெரியாது. தெரிந்தது எங்களுக்கு மட்டும்தான். அதனால்தான் நாங்கள் நிற்கிறோம்" என்றார்.

அவர்கள் கேட்கும் தூரம் 50 அடி. நம் மாநகரப் பேருந்து ஒன்றே கால் நீளம். தாயும் குட்டியுமாக இருந்தால் 150 அடி, கிட்டத்தட்ட நாலு பஸ். டேப் வைத்து யார் அளப்பது? அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். கையை நேராக நீட்டு, கட்டை விரலைப் படுக்கை வாட்டத்தில் பிடி, ஒரு கண்ணை மூடிக்கொள். கடல்நாய் முழுக்க உன் கட்டை விரலுக்குப் பின்னால் மறைந்துவிட்டால் நீ நிற்கும் இடம் சரி. வால் வெளியே தெரிந்தால் பின்னால் போ. இதைச் சொல்லிக்கொடுத்தவுடன் பெரியவர், சிறியவர், தேனிலவு ஜோடி, எல்லோரும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை நீட்டிக்கொண்டு பின்னாலேயே நடப்பார்கள். பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். "உள்ளே போ, உள்ளே போ" என்று 31 வருடம் தொண்டை கிழிந்தவன் நான். ஒரு கூட்டம் தானாக, சிரித்துக்கொண்டே நகர்வதை அங்கேதான் பார்த்தேன்.

ஒரு நாள் ஒரு ஆள் சின்னப் பையனைத் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டிவிட்டார். மனைவி வெளியே செல்போனோடு நிற்கிறாள். ஆன்ட்டி விசில் ஊதவில்லை, கத்தவில்லை. எழுந்து கயிற்று ஓரமாக நடந்து போய், பையனைப் பார்த்துப் பேசினார். "தம்பி, எனக்கு ஓர் உதவி வேண்டும். அது ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் எத்தனை எண்ணுகிறாய் என்று எனக்குச் சொல்ல வேண்டும். ஆனால் இங்கிருந்துதான் சரியாகத் தெரியும்" என்று கயிற்றுக்கு வெளியே தன் நாற்காலியைக் காட்டினார். பையன் அப்பாவின் இடுப்பிலிருந்து வழுகி இறங்கி ஓடி வந்துவிட்டான். அப்புறம் அப்பா மட்டும் உள்ளே நின்று என்ன செய்வார்? அசடு வழிய வந்தார். பையன் எண்ணிச் சொன்ன எண்ணை ஆன்ட்டி தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டில் நேரம், பின்துடுப்பில் மாட்டியிருக்கும் வில்லையின் எண், எத்தனை பேரிடம் பேசினார் என்பது எல்லாம் இருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2010-லிருந்து ஹவாயில் கடல்நாயைத் துன்புறுத்துவதோ கொல்வதோ பெரிய குற்றம், 5 வருடம் வரை சிறை, 50,000 டாலர் வரை அபராதம். சில வருடம் முன்பு தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி கடல்நாயைத் தொட்ட வீடியோ பரவி, 500 டாலர் அபராதம் கட்டினார்கள். ஆனால் ஆன்ட்டி யாரிடமும் முதல் வாக்கியத்தில் அபராதத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. "அபராதத்தைச் சொன்னால் என்னைப் பார்ப்பார்கள். கடல்நாயைச் சொன்னால் கடல்நாயைப் பார்ப்பார்கள்" என்றார். தொண்டருக்குக் கைது செய்ய அதிகாரம் இல்லை. அதற்குத் தனி அதிகாரிகள் இருக்கிறார்கள், குட்டி போடும் காலத்தில் அவர்களும் வந்து நிற்பார்கள். மற்ற நாளில் வாய்தான்.

எல்லாமே அங்கே சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தூண்டில் முள்ளை விழுங்கிச் சாகும் கடல்நாய் உண்டு. வேண்டுமென்றே அடித்துக் கொன்றதும் நடந்திருக்கிறது. தெருப்பூனைகளின் கழிவில் இருக்கும் ஒரு கிருமி மழைத்தண்ணீரோடு கடலுக்குப் போய், அதில் செத்தவையும் உண்டு. தன் மீனைக் கடல்நாய் தின்கிறது என்று கறுவும் மீன்பிடிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமும் போய்ப் பேசுகிறார்கள், முள் நுனியில் பின்பக்கமாக நீட்டியிருக்கும் சின்னக் கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டால் கடல்நாய் வாயில் மாட்டினாலும் எளிதாகக் கழன்றுவிடும் என்று காட்டிக்கொடுக்கிறார்கள்.

இனி நம் ஊர். இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஹவாய் போவதற்கு முந்தின பிப்ரவரி. சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை இருக்கும். திருவான்மியூர் கடற்கரையில் காற்று வாங்க உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச தூரத்தில் திடீரென்று இருபது முப்பது செல்போன் விளக்குகள். போய்ப் பார்த்தால் ஒரு பங்குனி ஆமை. முட்டையிட மேலே ஏறி வந்திருக்கிறது. உட்காரும் பலகை அகலத்துக்கு ஓடு, அதன் மேல் ஈரமணல். சுற்றி வட்டமாக ஜனம், கண்ணுக்கு நேரே வெளிச்சம். ஒருத்தர் தன் பெண் குழந்தையை அதன் முதுகில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆமையின் கண்ணிலிருந்து நீர் கோடாக வழிந்து மணல் ஒட்டியிருந்தது. "பாவம், அழுவுது" என்று ஒரு பெண் சொன்னாள். அது உப்பை வெளியேற்றுகிற நீர், அழுகை அல்ல என்று எனக்கு அப்போது தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். கத்தினேன். பஸ்ஸில் படியில் தொங்குகிறவனைத் திட்டுகிற குரலில் அந்தக் குழந்தையின் அப்பாவைத் திட்டினேன். அவர் திருப்பித் திட்டினார். "பீச் என்ன உங்க அப்பன் வீட்டு சொத்தா?" கூட்டம் இப்போது ஆமையை விட்டுவிட்டு எங்களைப் படம் பிடித்தது. நடுவில் ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். இன்னொரு எண்ணைக் கொடுத்தார்கள், அது அடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் சண்டை போட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தபோது ஆமை இல்லை. தண்ணீர் வரைக்கும் அதன் தடம் மட்டும் இருந்தது, டிராக்டர் சக்கரம் போன மாதிரி. முட்டையிடாமலே திரும்பிப் போய்விட்டது.

இந்தக் கதையை ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "அன்றைக்கு அங்கே எத்தனை பேருக்கு அது ஏன் கரைக்கு வந்தது என்று தெரிந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. எனக்கே பாதிதான் தெரியும். 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று அம்மா சொல்லி வளர்ந்தவன் நான்.

சென்னைக் கடற்கரையில் ஆமைக்காக யாருமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1970-களிலேயே ராத்திரியில் ஆமை நடை தொடங்கிவிட்டது. 1988-லிருந்து மாணவர்களே ஓர் அமைப்பாகச் சேர்ந்து, ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவுக்கு மேல் நடந்து, கூடு கூடாக முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, ஒன்றரை மாதம் காத்திருந்து குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ஒரு கூட்டுக்கு நூறு முட்டைக்கு மேல் இருக்கும். விட்டுவைத்தால் நாய் தோண்டிவிடும். தப்பிப் பிறக்கும் குஞ்சுகள் தெருவிளக்கைக் கடல் என்று நினைத்து ரோட்டுக்கு நடந்துவிடும். வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. இவர்களுக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

ஆனால் இவர்கள் நடக்கிற நேரம் ஜனம் தூங்கப் போன பிறகு. நான் கேட்பது ஜனம் விழித்திருக்கிற நேரத்துக்கு ஆள். 2025 ஜனவரியில் சென்னை, அக்கம்பக்கக் கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. உங்கள் நாளிதழிலும் பல நாள் செய்தி வந்தது. இழுவலையில் சிக்கி, மூச்சு விட மேலே வர முடியாமல் மூழ்கிச் செத்தவை. அது விசைப்படகும் அரசாங்கமும் தீர்க்க வேண்டிய விவகாரம், கடற்கரைத் தொண்டரால் ஆகாது. ஆனால் அந்த மாதம் முழுக்கக் காலை நடைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன, ஏதாவது வியாதியா? மீன் சாப்பிடலாமா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு போனார்கள். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. மீனவக் குப்பத்து ஆட்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். எங்கள் பக்கத்துக் கட்டுமரக்காரத் தம்பி ஒருவர், வலையில் ஆமை வந்தால் வலையை அறுத்தாவது விட்டுவிடுவேன் என்று என்னிடம் சொன்னார். ஆனால் வாக்கிங் வருகிறவர் குப்பத்து ஆளிடம் நின்று பேசுவது எங்கே நடக்கிறது?

அதனால் என் கோரிக்கை சின்னதுதான். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, சனி, ஞாயிறு மாலை 6 மணியிலிருந்து 11 மணி வரை, பெசன்ட் நகரிலிருந்து திருவான்மியூர் வரைக்கும் மணலில் இறங்கும் ஒவ்வொரு வழியிலும் இரண்டு பேர் உட்காரட்டும். ஒரு மடக்கு நாற்காலி, சிவப்புத் தாள் ஒட்டிய ஒரு டார்ச், கொஞ்சம் கயிறு, நாலு குச்சி. ஒருத்தர் என்னைப் போல ஓய்வு பெற்றவராக இருக்கலாம். இன்னொருத்தர் ஊரூர் குப்பம், ஓடைக் குப்பத்துப் பிள்ளைகளில் ஒருவர், அவருக்கு மட்டும் கட்டாயம் ஒரு தொகை கொடுக்க வேண்டும். எனக்குப் பென்ஷன் வருகிறது, அவருக்கு ஒரு ராத்திரி என்பது ஒரு நாள் கூலி. ஆமையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ராத்திரி நடக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். எடுக்கிற ஆள் உள்ள ஒரே ஒரு போன் எண் வேண்டும். இது ஒன்றுதான் அரசாங்கத்திடம் கேட்பது.

எங்கள் பூங்கா நண்பர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவர், "வேலையத்த வேலை. நம்ம ஜனம் கேக்காது சார்" என்றார். அவர் பேங்கில் மேனேஜராக இருந்தவர், ஜனத்தைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துப் பழக்கம். நான் ஒரு நாளைக்கு ஆயிரம் பேரைத் தோளோடு தோள் பார்த்தவன். நம் ஜனம் கேட்கும். நம் ஜனத்தை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை, விரட்டத்தான் செய்கிறோம். விரட்டினவர்களில் நானும் ஒருவன், மேலேயே சொல்லிவிட்டேன்.

இன்னொருவர், "கடல்நாயும் ஆமையும் ஒண்ணா?" என்றார். ஒன்றில்லைதான். கடல்நாய் பட்டப்பகலில் படுத்துத் தூங்கும், ஆமை ராத்திரி வந்து ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். கடல்நாயைச் சுற்றிக் கயிறு கட்ட நேரம் இருக்கிறது, ஆமைக்கு இல்லை. அதனால்தான் நம் ஊரில் ஆள் முன்கூட்டியே உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஆன்ட்டியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அன்றைக்குக் கடல்நாய் இல்லை, கயிறும் இல்லை. அவர் குளித்துவிட்டுத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். பேத்தி படத்தைக் காட்டினேன். அந்த வாரம் தொண்டு செய்யப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் முதலில் என்ன சொல்லிக்கொடுப்பார் என்று கேட்டேன். "குடை கொண்டு வா, தண்ணீர் கொண்டு வா, நூறாவது ஆள் கேட்டாலும் முதல் ஆள் கேட்ட மாதிரி பதில் சொல்" என்றார். எனக்கு அது புதுசில்லை, டிப்போவில் எங்கள் பழைய இன்ஸ்பெக்டர் சொன்னதுதான். அவர் குடையை மட்டும் விட்டுவிட்டார்.

அடுத்த ஜனவரி முதல் சனிக்கிழமை நான் திருவான்மியூர் கடற்கரையில் அந்தப் பழைய இடத்தில் மாலை 6 மணிக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். கயிறு வாங்கிவிட்டேன், பாரிமுனையில் 40 மீட்டர். மாணவர்களிடம் போய் ஒரு ராத்திரி நடந்து பாடமும் கேட்டுக்கொள்ளப் போகிறேன். வர விரும்புகிறவர்கள் நேராக அங்கே வரலாம். முடிந்தால் ஆசிரியர் அவர்கள் அந்தப் படத்தை மறுபடி ஒரு தடவை போட்டு, கீழே 'தூங்கும் கடல்நாய்' என்று ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். எதிர் வீட்டு நண்பருக்கு வெட்டிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
திருவான்மியூர், சென்னை